வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் என்ன ஆகும்? மூளையின் 'பிரேக்' பிடிக்காமல் போவது எப்படி?

பஸ் ஸ்டாண்டிலோ ஆபீஸிலோ ஒருவருக்கு திடீரென ஃபிட்ஸ் வந்தால், "யார்கிட்டயாவது சாவி இருக்கா?" என்ற குரல்தான் முதலில் கேட்கும். கையில் இரும்பைத் திணித்தால் வலிப்பு நிற்காது. பெரும்பாலான வலிப்புகள் ஒன்று முதல் மூன்று நிமிடங்களுக்குள் தானாகவே அடங்கிவிடும். அந்த நேரத்தில் கையில் சாவி இருப்பதால், நல்ல பெயர் சாவிக்குப் போய்விடுகிறது.

சிக்கலே தானாக அடங்காத வலிப்பில்தான். இதற்கு மருத்துவத்தில் 'ஸ்டேட்டஸ் எபிலெப்டிகஸ்' என்று பெயர். மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி இதுவும் நிமிடக் கணக்கில் பார்க்க வேண்டிய அவசரநிலை.

எதை 'தொடர் வலிப்பு' என்கிறார்கள்?

இரண்டு விதமாக இது நடக்கலாம். ஒன்று, கை கால் வெட்டி இழுக்கும் வலிப்பு 5 நிமிடத்துக்கு மேல் நிற்காமல் நீடிப்பது. இன்னொன்று, ஒரு வலிப்பு நின்று, நினைவு முழுசாகத் திரும்புவதற்குள் அடுத்தது வருவது. "நடுவுல நின்னுச்சே" என்று இரண்டாவதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இடையில் நினைவு திரும்பவில்லை என்றால், மருத்துவர்கள் அதையும் ஒரே நீண்ட வலிப்பாகத்தான் பார்க்கிறார்கள்.

இடையில் நன்றாகத் தெளிந்து, ஆனால் ஒரே நாளில் பல முறை வலிப்பு வந்தால்? அது வேறு வகை. ஆனால் அதுவும் தொடர் வலிப்பாக மாறலாம் என்பதால், அன்றைக்கே டாக்டரைப் பார்ப்பது நல்லது.

30 நிமிடம் எப்படி 5 ஆனது?

ஒரு காலத்தில் 30 நிமிடம் நீடித்தால்தான் ஸ்டேட்டஸ் எபிலெப்டிகஸ் என்று வரையறுத்திருந்தார்கள். அவ்வளவு நேரம் காத்திருந்தால் மூளைக்குச் சேதம் ஆகியிருக்கும் என்பதால், 1999-ல் நரம்பியல் நிபுணர் டேனியல் லோவன்ஸ்டீனும் சக ஆய்வாளர்களும் 5 நிமிட வரம்பை முன்வைத்தார்கள்.

2015-ல் சர்வதேச வலிப்பு எதிர்ப்பு அமைப்பு இதை இரண்டு கோடுகளாகப் பிரித்தது. உடல் முழுக்க இழுக்கும் வலிப்பில் முதல் கோடு 5 நிமிடம்: அதன் பிறகு வலிப்பு தானாக நிற்கும் வாய்ப்பு குறைவு, சிகிச்சையைத் தொடங்கியாக வேண்டும். இரண்டாவது கோடு 30 நிமிடம்: அதன் பிறகு நீண்டகால பாதிப்பு ஏற்படலாம். முதல் கோட்டுக்கும் இரண்டாவது கோட்டுக்கும் நடுவே இருக்கும் அந்த 25 நிமிடம்தான் மூளையைக் காப்பாற்றக் கிடைக்கும் அவகாசம்.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

மூளைச் செல்களைத் தூண்டிவிடும் வேதிப்பொருள் குளூட்டமேட். அடக்கி வைப்பது 'காபா'. ஒன்று ஆக்ஸிலரேட்டர், மற்றது பிரேக். சாதாரண வலிப்பில் சற்று நேரத்தில் பிரேக் வேலை செய்துவிடும்.

வலிப்பு நீடித்தால் கதை மாறுகிறது. செல்லின் மேற்பரப்பில் இருந்து காபாவைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள், கொஞ்சம் கொஞ்சமாக செல்லுக்குள் போய்விடுகின்றன. அதே நேரத்தில் குளூட்டமேட்டுக்கான ஏற்பிகள் மேற்பரப்பில் கூடுகின்றன. பிரேக் தேயத் தேய, ஆக்ஸிலரேட்டர் இன்னும் அழுத்தமாக விழுகிறது.

வலிப்பை நிறுத்த முதலில் கொடுக்கும் லோராசெபம், மிடாசோலம், டயாசெபம் எல்லாமே இந்த காபா ஏற்பிகள் வழியாகத்தான் வேலை செய்கின்றன. ஏற்பிகள் உள்ளே போகப் போக, மருந்து பிடித்துக்கொள்ள இடம் குறைகிறது. 5-வது நிமிடத்தில் கேட்கும் மருந்து, 40-வது நிமிடத்தில் கேட்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

"உடம்பு இழுக்கிறதாலதானே மூளை கெடுது?" என்று தோன்றலாம். காய்ச்சல், ஆக்ஸிஜன் குறைவு, ரத்த அழுத்த மாற்றம் எல்லாம் பாதிப்பைக் கூட்டும் என்பது உண்மைதான். ஆனால் 1973-ல் பிரிட்டன் ஆய்வாளர் பிரையன் மெல்ட்ரம் குழுவினர் பபூன் குரங்குகளின் தசைகளைச் செயலிழக்கச் செய்து, செயற்கை சுவாசம் கொடுத்துப் பார்த்தார்கள். உடல் இழுக்காதபோதும், வலிப்பு நீடித்ததால் மூளைச் செல்கள் சேதமாகியிருந்தன. நிற்காத மின் கொந்தளிப்பே மூளையைக் கெடுக்கிறது.

வெளியே தெரியாத வலிப்பு

உடல் அசைவு நின்றதும் வலிப்பு முடிந்ததாக அர்த்தமில்லை. நோயாளி கண் திறக்காமலோ குழப்பத்திலோ நீண்ட நேரம் கிடந்தால், மூளைக்குள் வலிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம். இஇஜி பரிசோதனையில்தான் இது உறுதியாகத் தெரியும்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

முதலில் சுவாசம், ஆக்ஸிஜன், ரத்த சர்க்கரை. உடனே மிடாசோலம் போன்ற முதல் கட்ட மருந்து. அதில் நிற்காவிட்டால் லெவெடிராசெடம், ஃபாஸ்ஃபெனிடோயின், வால்புரோயேட் ஆகியவற்றில் ஒன்று. 2019-ல் வெளியான ஆய்வில் இந்த மூன்றும் கிட்டத்தட்ட சமமாக, சுமார் பாதிப் பேருக்கு வலிப்பை நிறுத்தின. அதிலும் அடங்காவிட்டால் ஐசியூவில் மயக்க மருந்து, வென்டிலேட்டர்.

இன்னொரு முக்கியமான ஆய்வு 2012-ல் வந்தது. ஆம்புலன்ஸில் தசையில் மிடாசோலம் ஊசி போடப்பட்டவர்களில் 73 சதவீதம் பேருக்கு, மருத்துவமனை வந்து சேரும்போது வலிப்பு நின்றிருந்தது. நரம்பு தேடி லோராசெபம் ஏற்றப்பட்டவர்களில் இது 63 சதவீதம். நரம்பு வழியாக ஏற்றினால் மருந்து வேகமாகத்தான் வேலை செய்யும். ஆனால் இழுத்துக்கொண்டிருக்கும் கையில் நரம்பைப் பிடிக்கவே நேரம் போய்விடுகிறது.

ஏன் வருகிறது?

ஏற்கெனவே வலிப்பு உள்ளவர்களுக்கு முக்கியக் காரணம், மாத்திரையைத் திடீரென நிறுத்துவது. "ஆறு மாசமா வரல, இனிமே எதுக்கு?" என்று விடுபவர்கள் உண்டு. விஷயம் தெரிந்துவிடுமோ என்று கல்யாணத்துக்குப் பிறகு மாத்திரையை ஒளித்து வைத்து, கடைசியில் போடாமலே விடுபவர்களும் உண்டு.

வலிப்பே இல்லாதவர்களுக்கும் இது வரலாம். பக்கவாதம், மூளைக்காய்ச்சல், தலையில் அடி, ரத்த சர்க்கரையோ சோடியமோ குறைவது, அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்துவது ஆகியவை காரணமாகலாம்.

பக்கத்தில் இருப்பவர் என்ன செய்யலாம்?

* உடனே மொபைலில் நேரம் பாருங்கள். பதற்றத்தில் ஒரு நிமிடம்கூட பத்து நிமிடம் மாதிரி தெரியும்.
* ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள். கண்ணாடியைக் கழற்றி, காலரைத் தளர்த்துங்கள்.
* வாயில் ஸ்பூன், துணி, விரல், தண்ணீர் எதுவும் வேண்டாம். கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள்.
* 5 நிமிடம் ஆனாலோ, தெளியும் முன் மீண்டும் வந்தாலோ 108-ஐ அழையுங்கள். முதல் முறை வலிப்பு, கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி, மூச்சுத் திணறல், தலையில் அடி என்றால் 5 நிமிடம் காத்திருக்க வேண்டாம்.
* இன்னொருவர் இருந்தால் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். எந்த வகை வலிப்பு என்று கண்டுபிடிக்க டாக்டருக்கு அது உதவும். டாக்டரைத் தவிர வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

வீட்டில் யாருக்காவது வலிப்பு நோய் இருந்தால், அடுத்த செக்கப்பில் ஒரு கேள்வி கேளுங்கள்: "மூக்குல அடிக்கிற மிடாசோலம் ஸ்பிரே இவருக்குத் தேவையா?" தேவை என்றால் எப்போது, எத்தனை முறை அடிக்க வேண்டும் என்பதை வயது, எடை பார்த்து டாக்டர் எழுதித் தருவார். அந்தச் சீட்டின் போட்டோ ஒன்றை வீட்டில் எல்லோருடைய மொபைலிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் வந்து சேரும் வரை காத்திருக்காமல், முதல் கட்ட சிகிச்சையை வீட்டிலேயே தொடங்கிவிடலாம்.