எட்டு மோடமும் ஒரு சிநேகிதமும்

நான் பகுதி நேரமாகக் கணக்கு எழுதும் ஆபீசில் பரணைச் சுத்தம் செய்தோம். பழைய மோடம் ஒன்று என் தலையில் விழுந்தது. "பார்த்துப்பா!" என்று பதறினார் முதலாளி. என்னையல்ல, மோடத்தை!

1998-ல் வாங்கிய எட்டில் அது ஒன்று. வி.90 தரம் வந்த வருஷம். பெட்டியில் '56கே' என்று கொட்டை எழுத்து. ஆபீசுக்கு நாலு, கிளைகளுக்கு நாலு. எவ்வளவு முக்கியும் 33.6-ஐத் தாண்டவில்லையாம். விற்ற கடைக்காரர் முதலாளியின் பள்ளிக்கூட சிநேகிதர். "ஏமாத்திட்டான்!" என்று பேச்சையே நிறுத்திவிட்டார்.

பாவம் கடைக்காரர்! 56கே கிடைக்க, அனுப்புகிற முனையில் ஐ.எஸ்.டி.என். மாதிரி டிஜிட்டல் லைனும் அதற்கான கருவியும் வேண்டும். இரண்டு பக்கமும் சாதாரண போன் லைன் என்றால் 33.6தான் உச்சம். அதுவும் லைன் மனசு வைத்தால்!

இப்போது முதலாளி, வீட்டிலிருந்தே ஆபீஸ் சர்வரைத் திறக்க விலை உயர்ந்த வி.பி.என். ரவுட்டர் வாங்கக் கிளம்பினார்.

"இருங்க சார், ஆபீஸ் இணைப்போட அப்லோடு வேகம் என்ன?"

"டவுன்லோடு நூறுப்பா!"

நான் பி.காம். ஆச்சே! "உங்க வீட்டு டவுன்லோடு, ஆபீசுக்கு அப்லோடு சார். ஒருத்தர் பற்று, இன்னொருத்தர் வரவு."

பார்த்தால் அப்லோடு வெறும் பத்து. முதலில் பிளானை மாற்றினோம். ரவுட்டர் சின்னதே போதுமானதாக இருந்தது.

மோடம் கதையையும் விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், போனை எடுத்தார். கடைக்காரர் லைன் முதல் ரிங்கிலேயே கிடைத்தது!