எஃகு காக்கும் எண்

களவுபோன கைத்துப்பாக்கி ஒன்று பல ஆண்டுகள் கழித்து வேறொரு மாநிலக் காவலர் கையில் சிக்குகிறது. இழந்தவர் பார்த்தவுடனே தம்முடையது என்பார். பிடியில் விழுந்த கீறலைக்கூட அடையாளம் சொல்வார். அமெரிக்க நாட்டில் அச்சொல் மட்டும் போதாது. ஒரே வடிவில் பல்லாயிரம் துப்பாக்கிகள் தொழிற்சாலையை விட்டு வெளிவருகின்றன. அவற்றுள் ஒன்றைத் தனித்துக் காட்டுவது உடற்சட்டகத்தில் பொறித்த வரிசை எண். திருடர்களுக்கும் இது தெரியும். ஆகவே அரமும் சாணையும் முதலில் பாய்வது அந்த எண்ணின்மேல்தான்.

அரம் தொடுவது மேற்பரப்பை. எண் அதற்குக் கீழும் இறங்கியிருக்கிறது. எஃகு நுண்ணிய படிக மணிகளால் ஆனது. கடிய அச்சைக் குளிர்ந்த எஃகின்மேல் அறையும்போது பள்ளத்துக்கு அடியிலுள்ள மணிகள் நசுங்கித் திரிகின்றன. அவற்றின் அணு அடுக்குகள் இடம்பெயர்ந்து ஒன்றோடொன்று சிக்குண்டு இறுகுகின்றன. கம்பியை வளைத்து மீண்டும் நிமிர்த்தியவர் கை இந்த இறுக்கத்தை உணர்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியும் பள்ளம் முழுவதும் தேய்ந்துபோன பின்னும், அதனடியில் இறுகிய மணிகள் எண்ணின் வடிவிலேயே எஞ்சி நிற்கும். அவற்றில் தேங்கிய ஆற்றல் மிகுதி. அதனால் அமிலம் பட்டால் பக்கத்து மணிகளைவிட அவை விரைந்து கரையும். அழிந்த எண்ணை மீட்கும் கலை இந்தச் சிறு வேறுபாட்டின்மேல் நிற்கிறது.

ஆய்வர் முதலில் உள்ளதை உள்ளபடியே படம் எடுக்கிறார். எண்ணெயும் துருவும் நீக்கி, அரம் விட்ட கோடுகள் மறையும்வரை நுண்தாளால் மெருகேற்றுகிறார். இங்கே கை சற்று மிகுந்தால் இறுகிய அடுக்கும் தூளாகிப் போய்விடும். எஃகுக்குப் பெரிதும் வழங்குவது ஃபிரை கரைசல்: செப்புக் குளோரைடு, ஹைட்ரோகுளோரிக் அமிலம், நீர் ஆகியவற்றின் கலவை. அதைப் பஞ்சில் தோய்த்து மெல்லத் துடைக்கத் துடைக்க, வெறுமையாகப் பளபளத்த பரப்பில் மங்கலாய் ஒரு வளைவு எழும். அதன் அருகே ஒரு நேர்கோடு. எண்கள் எல்லாம் ஒருங்கே தோன்றும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஒன்று தெளியும்போது முன்னது கரைந்து மறையலாம். எனவே தோன்றத் தோன்றவே எழுதிக்கொள்கிறார். சாய்வொளியில் படமும் எடுக்கிறார். 3 என்பதா 8 என்பதா, 5 என்பதா 6 என்பதா என்ற ஐயம் தீராவிட்டால் அவ்விடத்தை வெற்றிடமாகவே விடுகிறார். இத்தொழிலில் நான் மிகவும் மதிப்பது அந்த வெற்றிடத்தைத்தான். ஊகத்தால் நிரப்பிய ஓர் இலக்கம் பிறர் பொருளை வேறொருவருக்கு ஆக்கிவிடும்.

எல்லாத் துப்பாக்கியும் இவ்வாறு இணங்குவதில்லை. பற்றவைப்பின் கடுஞ்சூடு பட்டால் மணிகள் புதிதாய் உருவாகி, பழைய திரிபு அழிந்துவிடும். லேசர் கதிரால் பொறித்த எண்ணுக்கு அடியில் அறைந்த அழுத்தம் இல்லாததால் மீட்பு கடினம். அலுமினியத்துக்குக் கரைசலே வேறு. 2015இல் அமெரிக்கத் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவன ஆய்வர்கள், துருவேறா எஃகில் பொறித்துத் தேய்த்தழித்த குறிகளை அமிலமின்றி, எதிர்மின்னி நுண்ணோக்கியில் படிகத் திரிபை அளந்தே மீட்டுக் காட்டினர். பொறிப்பின் ஆழம் குறைந்தது 0.003 அங்குலம் இருக்கவேண்டும் என்று 2002 முதல் நடுவணரசு விதி கேட்பதும் இந்த மீட்பை எண்ணிப் பார்க்கையில் நல்லதே.

எண் மீண்டாலும் அது யாருடையது என்பதை எஃகு சொல்லாது; தாள்தான் சொல்லவேண்டும். உரிமம் பெற்ற ஆக்குநரும் இறக்குமதியாளரும் எல்லாத் துப்பாக்கிக்கும் எண் பொறிக்கவேண்டும் என்பது 1968ஆம் ஆண்டுச் சட்டம். நாடு தழுவிய உடைமைப் பதிவேட்டை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆகவே மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கிலுள்ள தடமறி நடுவம் ஆக்குநரிடம் தொடங்கி, மொத்த வணிகர், கடைக்காரர் என்று படிப்படியாக இறங்கி, கடையில் 4473 என்னும் படிவத்தில் கையொப்பமிட்ட முதல் வாங்குநரை அடைகிறது. தனியார் இருவர் தமக்குள் விற்றுக்கொண்டது அத்தடத்தில் இல்லை.

உடைமையாளரே எண்ணை முன்கூட்டிக் குறித்து வைத்திருக்கவேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். எண் இல்லாமல் களவை முறையிட்டால், 1967 முதல் எஃப்.பி.ஐ. நடத்தும் தேசியக் குற்றத் தகவல் நடுவத்தின் களவுப் பட்டியலில் அத்துப்பாக்கியை ஏற்ற வழியில்லை. அது பிடிபட்ட நாளில் எந்த மணியும் ஒலிக்காது. குறிப்பு தொலைந்தவர் விற்ற கடையை நாடலாம். படிவம் அங்கே இருக்கக்கூடும். 1968க்கு முந்தைய, வரிசை எண் இல்லாத வேட்டைத் துப்பாக்கிகளுக்குப் பழைய ஒளிப்படமும் பழுதுபார்த்த கம்மியரின் சீட்டுமே துணை.

ஏழிலக்க எண்ணில் ஐந்து தெளிந்து இரண்டு மறைந்தன என்று கொள்வோம். எஞ்சும் வாய்ப்பு நூறு. ஆக்குநர் பெயர், வகை, குழல் விட்டம் ஆகியவை ஒத்து, உரிமை கோருபவரின் பழைய விற்பனைச் சீட்டிலுள்ள எண் தெளிந்த ஐந்து இலக்கங்களோடும் பொருந்தினால் உரிமை வலுப்பெறும். ஒன்று முரண்பட்டாலும் கோரிக்கை விழும். ஆய்வர் அச்சீட்டைக் காணுமுன்னரே தம் வாசிப்பை எழுதி முடித்திருக்கவேண்டும். இவ்வளவும் கடந்த பின்னும், காப்பீட்டு நிறுவனம் முன்னரே இழப்பீடு தந்திருந்தால் துப்பாக்கி பொதுவாக அந்நிறுவனத்துக்கே போய்ச்சேரும்.