கள்ளிக்குப்பம் சென்னையா, இல்லையா? ஒரே ஊருக்கு இத்தனை எல்லைகள்!

"கள்ளிக்குப்பமா? அது சென்னையே இல்லப்பா!" அம்பத்தூர் பக்கம் குடியிருக்கிறவர்களுக்கு இந்தக் கிண்டல் பழகிப்போன ஒன்று. ஆனால், சரியான விடை யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும்.

மாநகராட்சி என்ன சொல்கிறது?

சென்னைதான். 2011-ல் அம்பத்தூர் உட்பட 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. 174 சதுர கி.மீ. ஆக இருந்த பரப்பு 426 ஆனது. சொத்து வரி, குப்பை, தெருவிளக்கு எல்லாமே 7-வது மண்டலமான அம்பத்தூரின் கீழ்.

மாவட்டம்?

இங்கேதான் குழப்பம். மாநகராட்சியில் சேர்ந்த பிறகும் அம்பத்தூர், திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருந்தது. அதாவது வரி கட்டுவது சென்னைக்கு, கலெக்டர் திருவள்ளூரில்! 2018-ல்தான் சென்னை மாவட்டம் விரிந்து, இந்த முரண் தீர்ந்தது.

போலீஸ், எம்.பி.?

2022 ஜனவரி 1 முதல் அம்பத்தூர் காவல் நிலையம் ஆவடி காவல் ஆணையரகத்தில் வருகிறது. மக்களவைக்கு ஓட்டுப் போடுவதோ ஸ்ரீபெரும்புதூர் தொகுதியில்.

உலகத்திலும் இதே கதைதான்

ஐரோப்பா எங்கே முடிகிறது? பாடப்புத்தகம் யூரல் மலையைக் காட்டும். ஆனால், புவியியல்படி பலர் ஆசியாவில் வைக்கும் சைப்ரஸ், 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினர். பெரும்பகுதி ஆசியாவில் இருக்கும் கஜகஸ்தான், 2002 முதல் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பில் விளையாடுகிறது. இஸ்தான்புல் நகரம் இரண்டு கண்டங்களிலும் கால் வைத்திருக்கிறது. மலையும் கடலும் ஒரு கோடு போட்டால், அரசியல் இன்னொரு கோடு போடுகிறது.

சரி, நமக்கு என்ன?

வீடு வாங்கும்போது இது முக்கியம். சி.எம்.டி.ஏ. எல்லை 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 ஆக விரிக்கப்பட்டு 2022-ல் அரசாணை வந்தது. எனவே விளம்பரத்தில் 'சென்னை பெருநகர்' என்று இருந்தால், அது மாநகராட்சிக்குள் இருப்பதாக அர்த்தமில்லை. பத்திரம் போடும் முன் எந்த உள்ளாட்சி, எந்தத் தாலுகா என்று கேட்டுவிடுங்க.

குப்பை, தெருவிளக்குப் புகாருக்கு மாநகராட்சியின் 1913. திருட்டு என்றால்? எல்லைக் கணக்குப் பார்த்து அலைய வேண்டாம். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டப்படி, இதுபோன்ற குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். "இது எங்க ஏரியா இல்ல" என்ற பதிலை ஏற்றுக்கொண்டு திரும்ப வேண்டியதில்லை.