காவலனுக்கு எந்த அறையின் சாவி?

ஓசூர்ச் சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையை எண்ணிப் பாருங்கள். காவலர் இரவெல்லாம் விழித்திருக்கிறார்; ஆனால் கிடங்கின் சாவி அவரிடம் இல்லை. உள்ளே ஒளிந்திருக்கும் கள்வனை அவர் எங்ஙனம் காண்பார்? அவ்வாலையின் கணிப்பொறிகளைக் காக்கும் மென்பொருளின் நிலையும் இதுவே.

ஆப்பிள் நிறுவனம் 2018ஆம் ஆண்டில் மேக் கணிப்பொறிகளுக்கு வெளியிட்ட மொஹாவி இயங்குதளம், பயனரின் அஞ்சல்கள், செய்திகள், காப்புப்படிகள் முதலியவற்றைப் பூட்டி வைத்தது. ‘முழு வட்டு அணுகல்’ என்னும் அனுமதி பெறாத பாதுகாப்பு மென்பொருள் அவற்றைப் படிக்க இயலாது. அது பணி செய்வது போலவே தோன்றும். பூட்டிய அறைகளை மட்டும் பாராது.

சாவியைக் கொடுப்பவர் யார்? நிறுவனம் நிர்வகிக்கும் கணிப்பொறிகளுக்கு நிர்வாகி ஓர் அமைப்புக் கோப்பை அனுப்பி, குறித்த மென்பொருளுக்கு மட்டும் அனுமதி அளிக்கலாம். மென்பொருளின் மின் கையொப்பமும் அதில் குறிக்கப்படுவதால், பெயரை மட்டும் பூண்டு வரும் போலிக்குக் கதவு திறவாது.

காவலனும் தவறுவதுண்டு. 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழைபட்ட புதுப்பிப்பால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் முடங்கின. ஓசூருக்கு அண்மையிலுள்ள பெங்களூரின் விமான நிலையத்திலும் பயணிகள் இடருற்றனர். அது வட்டு அணுகலால் நேர்ந்ததன்று. இயங்குதளத்தின் மையம்வரை சென்ற, அதனினும் பெரிய உரிமையால் நேர்ந்தது. உரிமை பெருகப் பெருக, பிழையின் விளைவும் பெருகும் அன்றோ?

ஆகவே, மாணவர்களே, நாளை பணியேற்கும்போது திரையில் அனுமதி கேட்கும் எதற்கும் உடனே இசையாதீர்கள் என்பேன். கேட்பது எது, எதற்காக என்று நிர்வாகியை வினவுங்கள். அவர் உறுதி கூறிய பின், தொல்லையென்று எண்ணி மறுத்தும் விடாதீர்கள்.