ஓடப் பிறந்த நாய்

1925-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், அலாஸ்காவின் நோம் நகரத்துக் குழந்தைகளைத் தொண்டை அடைப்பான் நோயினின்றும் காப்பதற்கான மருந்தைப் பனிச்சறுக்கு வண்டியில் இழுத்துவந்து சேர்த்த பால்டோ என்னும் நாய்க்கு, அவ்வாண்டு டிசம்பரிலேயே நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் வெண்கலச் சிலை நாட்டினார்கள். ஆனால் அந்தச் சிலையின் மெருகு மங்குவதற்குள், உயிரோடிருந்த பால்டோ லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் காசுக்கு வேடிக்கை காட்டும் இடமொன்றில் சங்கிலியில் கட்டுண்டு கிடந்தது. 1927-இல் அதைக் கண்டு மனம் பொறாத ஜார்ஜ் கிம்பிள் என்ற வர்த்தகர், கிளீவ்லாந்து நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் உள்ளிட்டோரிடம் 2,000 டாலர் திரட்டி, பால்டோவையும் எஞ்சியிருந்த அதன் சகாக்களையும் மீட்டுத் தம் ஊருக்குக் கொண்டுபோனார்.

கிளீவ்லாந்துக் காட்சிசாலையில் பாடம் செய்து வைத்திருக்கும் அந்த நாயின் தோலில் ஒரு துணுக்கை எடுத்துப் பரிசோதித்த விஞ்ஞானிகள், அதன் மரபில் ஒரு பகுதியே இன்றைய சைபீரியன் ஹஸ்கியோடு ஒத்திருக்கிறதென்று 2023-இல் தெரிவித்தார்கள். ஆகவே, கைவிடப்பட்ட நாய்களைத் தத்துக்கொடுக்கும் காப்பகத்துச் சீட்டில் 'ஹஸ்கிக் கலப்பு' என்றிருப்பதைக் கண்டு முகம் சுளிப்பவர்கள், தாம் சிலை வைத்துக் கொண்டாடிய வீரனையே வேண்டாமென்கிறார்கள். தவிரவும், அந்தச் சீட்டு பெரும்பாலும் கண்பார்வையில் எழுதிய உத்தேசமே; நாயைச் சில வாரம் தம் வீட்டில் வைத்துப் பராமரித்தவரின் வாய்வார்த்தை அதைவிடப் பன்மடங்கு பிரமாணம்.

அமெரிக்கக் காப்பகங்களுக்கு வாலிபப் பிராயத்து ஹஸ்கிகள் வந்து சேரும் காரணம் ரகசியமன்று. 2011-இல் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடர் தொடங்கியபின், அதில் வரும் ஓநாய்களின் சாயலுக்காக இந்நாய்களை வாங்கிப் பின்னர் கைவிட்டவர்கள் பெருகவே, 2017-இல் அத்தொடரின் நடிகர் பீட்டர் டிங்க்லேஜே ரசிகர்களிடம் மன்றாட நேர்ந்தது. ஒரு கண் நீலமும் மறுகண் பழுப்புமாக இருந்துவிட்டால் மயக்கத்துக்குக் கேட்கவே வேண்டாம். அந்த நீலக் கண் நள்ளிரவு ஊளையைத் தடுத்ததாக யாரும் சொல்லக் காணோம்!

வடகிழக்குச் சைபீரியாவின் சுக்சி மக்கள், இலேசான பாரத்தை நெடுந்தூரம் இழுப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்த ஜாதி இது. கயிற்றைக் கட்டினால் முன்னோக்கி இழுப்பது அதற்கு அடங்காமையன்று, சுதர்மம். நோம் பயணத்தில் மிக நீண்ட, மிக அபாயமான பகுதியைக் கடந்த டோகோ என்னும் நாயை, குட்டியாக இருக்கையில் அதன் எஜமானர் செப்பாலா ஒரு வீட்டாருக்குச் செல்லப்பிராணியாகக் கொடுத்துவிட, அது மூடியிருந்த கண்ணாடி ஜன்னலைப் பாய்ந்து உடைத்துக்கொண்டு அவரிடமே ஓடிவந்துவிட்டது. காப்பகத்தார் வீட்டைப் பார்வையிட வரும்போது கூடத்தைவிட வேலியையே கூர்ந்து நோக்குவது இதனால்தான். 6 அடி உயரம் மட்டும் போதாது. அடியில் மண்ணைப் பறித்து வெளியேறாதபடி கம்பிவலையைப் பூமிக்குள்ளும் இறக்கியிருக்க வேண்டும். வீட்டில் பூனையோ கோழியோ இருந்தால் முன்னதாகவே சொல்லிவிடுவது உத்தமம்.

ஆண்டுக்கு இருமுறை உள்ரோமம் உதிரும் பருவத்தில், தொடையின் பின்புறம் சீப்பை ஓட்டினால் சாம்பல் நிறப் பஞ்சு கற்றை கற்றையாகக் கழன்று வரும். நாயோ நிற்க மனமின்றி, குரைக்காமல், முணுமுணுத்து வாதாடிக்கொண்டேயிருக்கும். வெயிலுக்கு இரங்கி ரோமத்தை மழித்துவிடுபவர்கள் உபகாரமென்று நினைத்து அபகாரம் செய்கிறார்கள். வெயிலினின்றும் தோலைக் காப்பதும் அந்த ரோமமே.

வந்த புதிதில் உண்ணாமல் ஒடுங்கிக் கிடக்கும் நாயைப் பரமசாது என்று நம்பிவிடலாகாது. மூன்று நாளில் பயம் தெளியும், மூன்று வாரத்தில் வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் வீட்டைத் தன்னதென்று கொள்ளும் என்பது காப்பகத்தார் சொல்லும் பொதுக்கணக்கு. அதன் நிஜமான சுபாவம் நடுவில்தான் வெளிப்படும். காலையும் மாலையும் அதனோடு ஓட அவகாசமில்லாதவர்கள், அதே காப்பகத்தில் ஏழெட்டு வயது கடந்து நிதானமடைந்த ஹஸ்கி ஏதேனும் இருக்கிறதா என்று விண்ணப்பத்திலேயே கேட்டு எழுதலாம்.