கல்விச் சேமிப்பும் வருமான வரியும்

பிள்ளைகளின் படிப்புக்கென இடும் பணத்தை வருமானத்தினின்று கழித்து, எஞ்சியதற்கே வரி விதிப்பது சில நாடுகளின் வழக்கம். இந்தியாவில் 2015இல் தோன்றிய செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் சேர்ந்து, பழைய வரிமுறையைத் தேர்வோர் ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் வரை கழிக்கலாம். இலங்கையில் அத்தகைய கழிவு இல்லை. கல்விச் செலவுக்கு இருந்த சலுகையும் 2022 முடிவோடு நீங்கிற்று.

கற்பிட்டியிலும் உடப்பிலும் வலை இழுப்போருக்கு இதனால் பெரு நட்டமில்லை. 2025 ஏப்ரல் முதல் ஆண்டு வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர் வருமான வரி செலுத்த வேண்டியதில்லை. வரியே இல்லாதவனுக்குக் கழிவால் யாது பயன்? அவர்கள் கவனிக்கவேண்டியது வேறு. அதே மாதம் முதல் வைப்புப் பணத்தின் வட்டியில் நூற்றுக்குப் பத்தை வங்கி பிடித்துக்கொள்கிறது. வருமானம் அவ்வெல்லைக்கு உட்பட்டதெனச் சுயபிரகடனப் படிவம் கொடுத்தவரிடம் பிடிப்பதில்லை. சோழகக் காற்றில் தொழில் தளரும் மாதங்களில் கொப்பிக்கும் காலணிக்கும் உதவவேண்டிய வட்டி, ஒரு தாள் கொடாமையாற் குறைந்துபோகிறது.