கூரைக்குக் கண்ணாடி வேண்டாம்

சுவரும் கூரையும் கண்ணாடியாலான ஓர் அறை, அதற்குள் நாலு தொட்டிச் செடி, இரண்டு நாற்காலி, வெளியே மழை. புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு இப்படி ஓர் ஆசை இருப்பது நியாயமானதுதான். ஆனால் ‘கன்சர்வேட்டரி’ என்ற இந்த அறை வெயிலுக்கு ஏங்கும் ஊர்களில் பிறந்தது. ஐரோப்பியச் செல்வந்தர்கள் ஆரஞ்சு மரங்களைப் பனியிலிருந்து காப்பாற்றக் கட்டிய கூடங்களே இதற்கு முன்னோடி. இங்கிலாந்து 1845-இல் கண்ணாடி வரியை நீக்கியது. 1851-இல் ஜோசப் பாக்ஸ்டனின் கிரிஸ்டல் பேலஸ் லண்டனில் எழுந்தது. பிறகு நடுத்தரக் குடும்பங்களும் வீட்டுப் பின்புறத்தில் கண்ணாடி அறை சேர்க்கத் தொடங்கின. டிசம்பர் மாத நண்பகலில்கூட லண்டன் சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரிதான் ஏறும். கிடைக்கிற வெயிலைப் பிடித்துவைக்க அவர்களுக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. தென்னிந்தியாவில் பேர்பெற்ற கண்ணாடி மாளிகை 1889-இல் பெங்களூரு லால்பாக்கில் அமைந்தது. பெங்களூரு கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருக்கிறது. ஊட்டித் தாவரவியல் பூங்காவின் கண்ணாடிக் குடிலோ அதைவிட இருமடங்குக்கும் மேலான உயரத்தில் நிற்கிறது.

நம் பெரம்பலூரும் அரியலூரும் அப்படியல்ல; ஏறக்குறைய 11 டிகிரி அட்சரேகையில் உள்ள சமவெளி. ஏப்ரல் 20, ஆகஸ்ட் 23 ஆகிய நாட்களை ஒட்டிச் சூரியன் இங்கே உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்கும். தெளிந்த நண்பகலில் ஒரு சதுர மீட்டரில் விழும் வெயிலின் ஆற்றல் சுமார் 1,000 வாட். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு மேலே கண்ணாடி போட்டால் அதன் பரப்பு 11 சதுர மீட்டர். சாதாரணக் கண்ணாடி வெயிலில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விடும். ஆக, கூரை வழியாக மட்டும் 9 கிலோவாட் வெப்பம் இறங்குகிறது. ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடியது மூன்றரை கிலோவாட். இரண்டரை டன் ஏசியை ஓடவிட்டாலும் அது கூரையின் கணக்கைத்தான் தீர்க்கும்; மேற்குச் சுவர்க் கண்ணாடியின் கணக்கு தனி.

வெப்பம் தடுக்கும் கண்ணாடி வந்துவிட்டதே என்பார்கள். வந்திருக்கிறது, உண்மை. நல்ல ரகம் வெயிலில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே உள்ளே விடும். அப்போதும் அந்தக் கூரைக்கு ஒரு டன் ஏசி பகல் முழுக்க உழைக்க வேண்டும். கண்ணாடிக்கும் கூடுதல் விலை, கரண்டுக்கும் கூடுதல் கட்டணம். பாலிகார்பனேட் ஷீட் மலிவுதான். ஆனால் தரம் குறைந்த ஷீட் சில ஆண்டு வெயிலிலேயே மஞ்சள் பூத்துவிடும். மேலே பச்சை வலை கட்டிவிடலாமே என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. வலைதான் வேலை செய்கிறதென்றால் அடியில் கண்ணாடி எதற்கு? செடி வளர்ப்பதையே பிழைப்பாகக் கொண்ட நம் சமவெளி நாற்றங்கால்காரர்கள் நிழல்வலைக்குடிலோடு நிறுத்திக்கொள்வது காரணமில்லாமல் இல்லை. காற்று அடைபட்டால் என்ன ஆகும் என்பது சின்ன வெங்காயம் விளைவிக்கும் பெரம்பலூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை; பக்கமெல்லாம் காற்றுக்கு வழிவிட்டு, மேலே கீற்று வேய்ந்துதான் வெங்காயப் பட்டறை போடுகிறார்கள்.

அரியலூர்க்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்த கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்தான் இத்தனை சிமெண்ட் ஆலைகளை இழுத்துவந்தது. சுரங்கமும் லாரிப் போக்குவரத்தும் உள்ள சாலையோரத்தில் கண்ணாடிக் கூரை ஒரு வாரத்தில் புழுதி பூசிக்கொள்ளும். சுண்ணாம்பு கலந்த போர்த் தண்ணீரால் கழுவினால், காய்ந்தபின் வெள்ளைக் கறை மிஞ்சும். யார் வாராவாரம் கூரை ஏறுவது?

ஆசையைக் கைவிடச் சொல்லவில்லை. வெளிச்சத்துக்குக் கூரை திறந்திருக்க வேண்டியதில்லை. மேலே ஓடோ கான்கிரீட்டோ போட்டு, வடக்கிலும் தெற்கிலும் பெரிய கண்ணாடி ஜன்னல்கள் வைத்து, மூன்றடித் தாழ்வாரம் இறக்கலாம். ஜூன் மாதத்தில் சூரியன் வடக்கே சாய்ந்தாலும் அந்தத் தாழ்வாரம் நண்பகலில் வடக்குச் சுவர் முழுவதையும் மறைத்துவிடும். மார்கழியில் தெற்கு ஜன்னலின் கீழ்ப்பாதியில் மட்டும் இதமான வெயில் விழும். மேற்கில் கண்ணாடியே வேண்டாம். ஜன்னல்கள் முழுவதும் திறக்கக்கூடியவையா என்று வாங்கும்போதே பாருங்கள். பாதி மட்டும் நகரும் ஸ்லைடிங் ஜன்னல் பாதிக் காற்றைத்தான் தரும்.

மேலிருந்தும் வெளிச்சம் வேண்டும் என்பவர்கள் வீட்டுக்கு நடுவே திறந்த முற்றம் வைக்கலாம். முற்றம் வைத்தால் மழையும் கொசுவும் திருடனும் வருவார்களே என்ற கவலை நியாயமானது. ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த முற்றத்தை ஒட்டிய கூடம் நனையத்தான் செய்யும். இரும்புக் கிரில்லும் கொசுவலையும் இரண்டு கவலைகளைத் தீர்க்கும். மழைக்காக மேலே மூடியே ஆகவேண்டுமென்றால், அந்தச் சின்னப் பரப்புக்கு மட்டும் கண்ணாடி போடலாம். ஆனால் அதைத் தளத்தோடு ஒட்டிப் பதிக்காமல், ஒன்றரை அடி தூக்கி நிறுத்தி, சாரல் அடிக்காதபடி விளிம்பைச் சற்று நீட்டி, நான்கு பக்கமும் சூடான காற்று வெளியேற இடைவெளி விட வேண்டும். தலைக்கு மேலே வருவதால் லேமினேட்டட் கண்ணாடியாகக் கேட்டு வாங்குங்கள். வெறும் டஃபண்ட் கண்ணாடி உடைந்தால் துண்டுதுண்டாகக் கீழே கொட்டும். லேமினேட்டட் விரிசல் விட்டாலும் நடுவிலுள்ள படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.